19 எபிசோடும் 116 எபிசோடும்

அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 1994 செப்டம்பரில் தொடங்கிய 'ஆல்-அமெரிக்கன் கேர்ள்' அடுத்த மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. மொத்தம் 19 எபிசோடு. சான் பிரான்சிஸ்கோவில் புத்தகக் கடை வைத்திருக்கும் கொரியக் குடும்பம், அடங்காத மகளாக மேடைக் காமெடி நடிகை மார்கரெட் சோ. அதற்கப்புறம் பெரிய சேனல்களில் இன்னொரு ஆசிய அமெரிக்கக் குடும்ப காமெடி வர 20 வருஷம் ஆனது. அதையும் ஏபிசிதான் போட்டது. 'ஃப்ரெஷ் ஆஃப் த போட்', 2015 முதல் 2020 வரை, 116 எபிசோடு. அந்தக் கதை தொடங்குவது 1995-ல், அதாவது முதல் தொடர் நின்றுபோன அதே வருஷத்தில்.

முதல் தொடர் ஏன் படுத்தது என்று கேட்டால், நடிகர்கள் கொரியர்களே இல்லை என்பார்கள். உண்மைதான், முக்கிய நடிகர்களில் சோ மட்டும்தான் கொரிய வம்சாவளி. உச்சரிப்பைக் கேட்டுக் கொரியர்களே கடுப்பானார்கள். இந்திப் படத்தில் 'ஐயய்யோ' போடும் மதராசியைப் பார்த்து நமக்கு வருமே, அந்தக் கடுப்பு. ஆனால் இரண்டாவது தொடரில் தைவான் குடும்பத்தின் அப்பா லூயிஸாக வரும் ராண்டல் பார்க்கும் கொரிய வம்சாவளிதான். அது ஓடவில்லையா? ஆகவே, கோளாறு வேறு இடத்தில் என்பது என் கட்சி.

இரண்டாவது தொடரின் முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்லாண்டோவில் புதுப் பள்ளி. லூயிஸின் மகன் எடி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறான், உள்ளே அம்மா செய்த நூடுல்ஸ். புழு தின்கிறான் என்று பசங்க மூக்கைப் பொத்துகிறார்கள். வெள்ளைக்காரச் சாப்பாடுதான் வேண்டும் என்று அவன் வீட்டில் அடம்பிடிக்கிறான். அப்புறம் ஒரு சண்டையில் அவன் இனத்தைச் சொல்லித் திட்டு விழ, விஷயம் தலைமை ஆசிரியர் வரை போகிறது. வீட்டில் மிதி விழும் என்று அவன் பயந்திருக்க, அப்பாவும் அம்மாவும் தலைமை ஆசிரியர் மீதே பாய்கிறார்கள். கேமரா அந்த வீட்டு ஆளாக நிற்கிறது. முதல் தொடரிலோ கேமரா வாசற்படியில் நின்று, 'பாருங்கள், கொரிய அம்மா இப்படித்தான் மாப்பிள்ளை பார்ப்பாள்' என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தது.

ஆனாலும் சோ மேல் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் முகம் பெரிதாக இருக்கிறது என்று சேனல் தரப்பில் சொன்னார்களாம். இரண்டே வாரத்தில் 30 பவுண்டு இளைத்து, சிறுநீரகம் கெட்டுப் போனதைப் பிற்பாடு அவரே மேடையில் சொன்னார். ஆசியத்தனம் அதிகம் என்று ஒரு புகார், போதவில்லை என்று இன்னொன்று. இரண்டாவது தொடரிலும் எல்லாம் சுமுகமில்லை. யார் எழுதிய வாழ்க்கைக் கதையிலிருந்து அது பிறந்ததோ, அந்த எடி ஹுவாங்கே ஒரு சீசனோடு விலகி, வெளியே நின்று விமர்சித்தார்.

பாட்டியில் மட்டும் என் ஓட்டு பழைய தொடருக்குத்தான். புதியதன் பாட்டி லுசில் சூங், மாண்டரின் சீனத்தில் ஒரு வரி விட்டுவிட்டுப் போய்விடுவார், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டிவியே கதியென்று கிடக்கும் ஏமி ஹில்லின் பாட்டி ஒரு தனி ரகம். சேனலுக்கும் அது தெரிந்திருக்கிறது. கடைசி எபிசோடில் அம்மா, அப்பா, அண்ணன், தம்பி எல்லோரையும் தூக்கிவிட்டு, சோவை மூன்று பையன்களோடு வேறு வீட்டில் குடிவைத்துப் பார்த்தார்கள். பழைய குடும்பத்தில் தப்பியது பாட்டி ஒருத்திதான்.