இறாலுக்கு எந்த டப்பா: குளுக்கானா, வைட்டமின் சியா, ப்ரோபயாட்டிக்கா?

இறால் மருந்துக் கடைகளில் ‘இம்யூனிட்டி’ என்று எழுதாத டப்பாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது மூன்று சரக்குதான்: பீட்டா குளுக்கான், வைட்டமின் சி, ப்ரோபயாட்டிக். மூன்றுக்கும் ஒரே வேலை என்பதுபோல விற்கிறார்கள். அப்படியில்லை.

இறாலுக்கு நம்மைப்போல ஆன்டிபாடி கிடையாது. காவல் வேலை பெரும்பாலும் ரத்தத்தில் மிதக்கும் ஹீமோசைட் அணுக்களுடையது. கிருமியை விழுங்கிய அணு, எதையும் அரிக்கும் ஆக்சிஜன் வகையான சூப்பர்ஆக்சைடைச் சுரந்து அதைக் கொல்லும். சிக்கல், அதே சூப்பர்ஆக்சைடு இறாலின் சொந்தத் திசுவையும் சுடும். அதை எஸ்.ஓ.டி. என்ற நொதி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதி அந்தப் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. (எஸ்.ஓ.டி.யின் வேலையை மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969இல் கண்டுபிடித்தது மாட்டு ரத்தத்தில். இறாலிலும் கதை அதேதான்.)

குளுக்கான் தீ மூட்டுகிற கட்சி. ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுப்பது. அதைக் கண்டதும் பூஞ்சை நுழைந்துவிட்டது என்று இறாலின் உடல் ஏமாந்துபோய், ஹீமோசைட்டுகளையும் மெலனின் உண்டாக்கும் ஃபீனால்ஆக்சிடேஸ் தொடரையும் உசுப்பிவிடும். ஆபத்து வரும் முன் சில நாள் கொடுத்தால் பலன் உண்டு. மாதக்கணக்கில் தினமும் போட்டால் உடல் சலித்துப்போகும், வளர்ச்சிக்குப் போக வேண்டிய சக்தியும் வீணாகும்.

வைட்டமின் சி அந்தச் சூப்பர்ஆக்சைடுச் சூட்டை அணைக்கிற கட்சி. இறால் இதைத் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. தீவனத்தில் குறைந்தால் ஓட்டுக்கு அடியில் கறுப்புப் புண்கள் வரும். காயத்தின் மேல் விழும் மெலனின் கறுப்பும் இதுவும் ஒன்றல்ல; குட்டைக் கரையில் பலர் குழம்பும் இடம் இது. சாதாரண அஸ்கார்பிக் அமிலம் தீவனம் தயாரிக்கும் சூட்டிலேயே பாதி போய்விடும். மேலே தடவிப் போட்டாலும், இறால் கடித்துக் கடித்து மெதுவாகத் தின்று முடிப்பதற்குள் மிச்சமும் தண்ணீரில் கரையும். பாஸ்பேட்டோடு பிணைத்த வைட்டமின் சி வடிவம்தான் நிற்கும். விலை அதிகம் என்றாலும் அதுதான் வாங்கத் தக்கது.

ப்ரோபயாட்டிக் பெரும்பாலும் பேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா. அடிச்சேற்றைச் செரிக்கும், இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியாவுக்கு இடம் விடாது. ஆனால் அதுவும் ஆக்சிஜன் தின்னும் உயிர். இரவில் கொட்டினால் விடியற்காலை மூச்சுத்திணறலை நாமே அழைத்த மாதிரி.

டப்பாவில் ‘எஸ்.ஓ.டி. அதிகரித்தது’ என்று கிராஃப் போட்டிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அம்மோனியாவில் தவிக்கும் இறாலிலும் முதலில் அந்த நொதி ஏறும், தவிப்பு நீண்டால் இறங்கும். ஏறினால் நல்லது என்று எப்படிச் சொல்வது? விப்ரியோவைச் செலுத்திய பிறகு எத்தனை இறால் பிழைத்தது என்று கேளுங்கள். விற்பனையாளர் பேச்சை மாற்றினால் பதில் கிடைத்துவிட்டது.

வெள்ளைப் புள்ளி நோய்க்கு இந்த மூன்றும் மருந்தல்ல. 1994 வாக்கில் இந்தியக் குட்டைகளுக்கு வந்த அந்த வைரஸைத் தடுக்க, பி.சி.ஆர். சோதித்த குஞ்சும் வடிகட்டிய தண்ணீரும் வேண்டும். 2009இல் அனுமதி பெற்று வந்த எஸ்.பி.எஃப். வெனாமி இன இறாலும் குறிப்பிட்ட கிருமிகள் இல்லாமல் வரும் குஞ்சுதான், நோயே தாக்காத குஞ்சு அல்ல.

ஒரு டப்பாவுக்குத்தான் காசு என்றால் நான் பாஸ்பேட் வைட்டமின் சி வாங்குவேன். கூடக் கொஞ்சம் இருந்தால் ப்ரோபயாட்டிக். அதையும் காலை வெயிலில், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடும்போதுதான் விடுவேன். குளுக்கான் மழைக்கு முந்தைய வாரத்துக்கு மட்டும். அதற்கெல்லாம் முன்னால் ஏரேட்டருக்கு டீசல். விடிகாலை 4 மணிக்கு ஆக்சிஜன் 3 பி.பி.எம்.முக்குக் கீழே போகிற குட்டையில் எந்த டப்பாவைத் திறந்தும் பலனில்லை.