ஹை ஹார்ட் ரேட் அலர்ட்டுக்காக அம்மாவுக்கு வாங்குன ஃபிட்னஸ் பேண்ட்

ஸ்டெப் கவுன்ட், கலோரி, தூக்கம் பத்தியெல்லாம் யூடியூப்ல ரிவ்யூ கொட்டிக் கிடக்கு, நான் அதுக்குள்ள போகல. இந்த பேண்டை அம்மாவுக்கு வாங்குனதே ஹை ஹார்ட் ரேட் அலர்ட்டுக்காகத்தான். தைராய்டு மாத்திரை பல வருஷமா சாப்புடுறாங்க, அப்பப்போ "நெஞ்சு படபடன்னு அடிக்குதுடா"ம்பாங்க, ஆனா டாக்டர் முன்னாடி போய் உக்காந்தா பல்ஸ் நார்மலா இருக்கும்.

மொதல்ல குறைய சொல்லிடுறேன். பாக்ஸ்ல இருந்து எடுத்து அப்படியே கட்டிவிட்டா அலர்ட் வராது. ஆப்ல அது ஆஃப்ல இருந்துச்சு, பேட்டரி நிறைய நாள் வரணும்னு ஹார்ட் ரேட்டையும் அரை மணிக்கு ஒரு தடவைதான் பாக்குற மாதிரி வச்சிருந்தாங்க. நடுவுல பத்து நிமிஷம் படபடப்பு வந்துட்டுப் போனா பேண்டுக்கு எப்படித் தெரியும்? நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்திடுங்க, சார்ஜ் சீக்கிரம் இறங்கும், பரவால்ல.

இன்னொன்னு, மாடிப்படி ஏறும்போது 130 போனா இது கத்தாது, கத்தவும் கூடாது. சும்மா இருக்கும்போது ஏறுனாத்தான் அலர்ட். ஆப்பிள் வாட்ச்லயும் இதே கணக்குதான், 10 நிமிஷம் அசையாம இருக்குற மாதிரி தெரிஞ்சும் லிமிட்டைத் தாண்டுனா சொல்லும், அதுல லிமிட் 120ன்னு இருக்கும், நம்மளும் மாத்திக்கலாம். பெரியவங்களுக்கு ஓய்வுல 60ல இருந்து 100 வரைக்கும் நார்மல்ங்கிறதால அம்மாவுக்கு டாக்டர்கிட்ட கேட்டு 110 வச்சோம்.

கட்டுற விதம் ரொம்ப முக்கியம். பின்னாடி இருக்குற பச்சை லைட் தோலுக்குள்ள போய், ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறையுறதை வச்சுத்தான் எண்ணுது, லூசா இருந்தா கண்ட நம்பரையும் காட்டும். அம்மா கையில வளையல் இருக்கா, அது பேண்டைத் தள்ளித் தள்ளி மணிக்கட்டு எலும்பு மேல உக்கார வச்சிரும், மாவு பிசையும்போது 150ன்னு காட்டுனது அதனாலதான். வளையல் இல்லாத கைக்கு மாத்தி, எலும்புக்கு ரெண்டு விரல் மேல கட்டுனதும் சரியாயிடுச்சு. எப்படியும் அலர்ட் வந்தா உடனே பதறாம மணிக்கட்டுல விரலை வச்சு 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்கிப் பாருங்க. நாங்க அப்படித்தான் பாக்குறோம்.

காசு கொடுத்ததுக்கு உண்மையிலேயே பலன் கிடைச்சது எங்கன்னா, சாயங்காலம் டிவி பாக்கும்போது ரெண்டு மூணு அலர்ட் வந்துச்சு, ஆப்ல போய் பாத்தா ஓய்வு நேர ஹார்ட் ரேட்டு எழுபதுகள்ல இருந்தது கொஞ்சம் கொஞ்சமா தொண்ணூறுக்கு மேல ஏறிட்டு இருக்கு. அந்த கிராஃபை அப்படியே டாக்டர்கிட்ட காட்டுனோம், TSHன்னு தைராய்டுக்கான ரத்த டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு, ரொம்ப கம்மியா இருந்துச்சு, மாத்திரை அதிகமானா இந்த நம்பர் இறங்கும், அதாவது டோஸ் கூடிப்போச்சு. குறைச்சப்புறம் படபடப்பு அடங்கிடுச்சு. பேண்ட் நோய் என்னன்னு சொல்லல, டாக்டருக்கு எங்க பாக்கணும்னு காட்டுச்சு, எனக்கு அதுவே போதும்.

வாட்ஸ்அப், கால் எல்லா வைப்ரேஷனையும் ஆஃப் பண்ணிட்டேன், இல்லன்னா குரூப்ல வர்ற குட் மார்னிங்குக்கும் இதுக்கும் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. அலர்ட் அவங்க கையிலயும் போன்லயும் மட்டும்தான் வருது, வெளியூர்ல இருக்குற எனக்கு வர வழி இல்ல, அது பெரிய குறை.

ஹார்ட் அட்டாக்கை இது கண்டுபிடிக்காது, தயவுசெஞ்சு இதை நம்பி இருந்துடாதீங்க. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தா பேண்ட்ல நம்பர் என்ன இருந்தாலும் 108தான். அடுத்து அப்பாவுக்கு ஒண்ணு வாங்கணும், ஆனா அவர் பிபிக்கு மெட்டோப்ரோலால் எடுக்குறாரு, அது துடிப்பையே குறைச்சு வைக்கிற மாத்திரை, 110 வச்சா அவருக்கு அலர்ட் வராமலே போகலாம், அதனால அவர் டாக்டர்கிட்ட லிமிட் கேட்டுட்டுத்தான் வாங்கப் போறேன்.