சீழ் பிடித்த பல்லைப் பிடுங்க யாரிடம் போவது?

பல்லில் சீழ் வைத்துவிட்டது என்றவுடன் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது கட்டணத்தைத்தான். அதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று: அது எந்தப் பல், வீக்கம் எங்கே இருக்கிறது, வாய் எவ்வளவு திறக்கிறது. பற்கூழ், அதாவது உள்ளே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மெல்லிய திசு, செத்துவிட்ட பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால், விழுங்கும் அமாக்சிசிலினோ மெட்ரோனிடசோலோ போன்ற கிருமிக்கொல்லி மாத்திரை அங்கே போய்ச் சேர்வதில்லை. மாத்திரையில் வீக்கம் வற்றும், வலி அடங்கியதும் மறந்துவிடுவோம், பிறகு அதே பல்லில் தொல்லை மறுபடியும் கிளம்பும். வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியாத அளவுக்குச் சொத்தை அரித்துவிட்ட பல்லுக்குப் பிடுங்குவதே வழி என்பதால், யார் பிடுங்குவது என்பதை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் இருப்பவர் பெரும்பாலும், பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் படித்த பி.டி.எஸ். (இளநிலைப் பல் மருத்துவப் பட்டம்) மருத்துவர். முன்பற்களும், நேராக முளைத்த சாதாரணக் கடைவாய்ப்பற்களும் அவர் கைக்கு அன்றாட வேலை. சீழ் பிடித்த இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்திருப்பதால் மரத்துப்போகும் ஊசி அங்கே சரியாக வேலை செய்யாது. அனுபவமுள்ளவர் வீக்கத்தை விட்டு விலகி, நரம்பு வரும் வழியிலேயே ஊசி போடுவார். அப்படியும் மரத்துப்போகவில்லை என்றால், வலியோடு இழுக்காமல், சீழை வடித்துவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்பவரை நான் நம்புவேன்.

வாய் அறுவை நிபுணர், அதற்கு மேலும் மூன்று ஆண்டு எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் படிப்பு படித்தவர். எலும்புக்குள் சாய்ந்து கிடக்கும் கீழ் ஞானப்பல்லுக்கு அவர்தான் வேண்டும், ஏனெனில் அதன் வேருக்கு அருகே ஓடும் நரம்பு அடிபட்டால் கீழுதடு மரத்தே கிடக்கலாம். மேல் கடைவாய்ப்பல்லின் வேர் கன்னத்துச் சைனஸ் அறையை ஒட்டியிருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தாலும், எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரானிக் அமில ஊசி போட்டுக்கொண்டவராக இருந்தாலும் அவரிடமே போவது நல்லது. அந்த ஊசிக்குப் பின் தாடையெலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. பல கிளினிக்குகள் இவரைக் குறிப்பிட்ட நாட்களில் வரவழைப்பதால், கட்டணம் கூடினாலும் அதே நாற்காலியில் அவர் கிடைப்பார். ஆனால் அவர் வரும் நாளுக்காக, ஏறிக்கொண்டிருக்கும் வீக்கத்தோடு காத்திருக்கக் கூடாது.

1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் காலையிலேயே ஓ.பி. (புறநோயாளி) சீட்டு வாங்கி, எக்ஸ்ரேவுக்கு ஒரு வரிசை, பிடுங்க இன்னொரு வரிசை என்று அரை நாள் போகும். பிடுங்குபவர் பயிற்சி மருத்துவராக இருக்கலாம். நேரம் கூடும் என்பதைத் தவிர இதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை; வேர் முறிந்தால் எடுத்துக்கொடுக்க மூத்தவர் பக்கத்திலேயே இருப்பார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இத்தகைய இடமே பொருத்தம். அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டுப் போவது மட்டும் கூடவே கூடாது.

தாடைக்கு அடியில் இருபுறமும் கல்போல் வீங்கி, நாக்கு மேலே தூக்கி, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போனால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. கீழ் கடைவாய்ப்பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழலை நெருக்குகிறது என்று பொருள். நடுராத்திரி ஆனாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். பரம்பரை வைத்தியர் என்று பலகை மாட்டியவரையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. சட்டப்படி பதிவு பெறாதவர் பல் மருத்துவத் தொழிலைச் செய்யக் கூடாது.

பதிவும் பட்டமும் இருந்தால் மட்டும் போதாது. 2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனவர்களில் 8 பேர் மூளையைத் தாக்கிய பாக்டீரியா தொற்றால் இறந்தார்கள். சுத்திகரிக்காத கருவியால் திறந்து, சரியாக மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சலைன் (உப்புநீர்) பாட்டிலை ஆய்வாளர்கள் காரணமாகச் சுட்டினார்கள். ஆகவே எங்கே போனாலும் கருவிகளை எப்படி எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்த கருவிப் பையின் ஓரத்தில் உள்ள குறி நிறம் மாறியிருக்கும். அந்தப் பையை நம் கண்முன்னே கிழிக்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

பிடுங்கியபின் ஏற்படும் தொல்லையில் கிளினிக்குக்கே சாதகம் அதிகம். குழியில் உறைந்த இரத்தக்கட்டி கழன்றுவிட்டால் ஏறக்குறைய மூன்றாம் நாள் காதுவரை இழுக்கும் வலி வரும்; தெரிந்த மருத்துவர் என்றால் போனில் சொல்லிவிட்டுப் போய், குழியைக் கழுவி மருந்து வைத்துக்கொள்ளலாம். வியாழனோ வெள்ளியோ பிடுங்கினால் அந்த வலி வாரக் கடைசியில் வந்து நிற்கும், ஞாயிறன்று கல்லூரி ஓ.பி. பெரும்பாலும் இருக்காது. ஓரிரு நாள் பொறுக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பல்லாக இருந்தால், கல்லூரிக்குத் திங்கட்கிழமை காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.