ஹீட்டர் திருத்த வந்தவர் எர்த் வயரில் கை வைத்தாரா என்று பாருங்கள்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் குளியலறை ஹீட்டர் திருத்தக் கொடுக்கிறவர்கள் இதை வாசியுங்கள். எங்கள் வீட்டில் இருப்பது 1500 வாட் டாங்க் ஹீட்டர். ஜனவரிக் குளிரில் அதன் சுவிட்சைப் போட்டாலே டிரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டாகும், அணைத்தால் ஒன்றுமில்லை. டவுனில் நம்பர் வாங்கி, ஹீட்டர் திருத்துகிற ஒரு பாஸைக் கூப்பிட்டோம்.

மூடியைக் கழற்றியதும், "கொயில் போயிட்டு அக்கா, சுண்ணாம்பு பிடிச்சிருக்கு" என்றார். கொயில் என்பது டாங்குக்குள் தண்ணீரைச் சூடாக்கும் பாகம். அனுராதபுரத்துக் கிணற்றுத் தண்ணீர் என்றால் நம்பலாம். நம் மலைத் தண்ணீரில் சவர்க்காரம் கழுவக் கழுவ வழுக்கிக்கொண்டே இருக்கும், கேத்தலில்கூட வெள்ளை படியாது. அதைக் கேட்டதற்கு மழுப்பினார். புதுக் கொயில் போட்டதாக 14,500 ரூபாய் வாங்கினார், பழையதைக் காட்டச் சொன்னால் "வேனுக்குள்ள கிடக்கு" என்றார், பில்லும் கிடையாது. ஆனால் டிரிப் நின்றுவிட்டது, சுடுதண்ணீரும் வந்தது, சரி என்று அனுப்பிவிட்டோம்.

அடுத்த நாள் அம்மா ஷவர் குழாயைத் தொட்டதும் கை சுர்ரென்று இழுத்திருக்கிறது.

மெயினை அணைத்துவிட்டு, தேயிலை ஃபெக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் மாமாவை வரச்சொன்னோம். மூடியைத் திறந்தவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். பச்சை மஞ்சள் எர்த் வயரை நறுக்கி, டேப் சுற்றி உள்ளே சொருகி வைத்திருக்கிறான் அந்த ஆள்! கொயில் அதே பழையதுதான், நட்டில் இருந்த துருகூடக் கலையவில்லை. அதன் உறை வெடித்து கரண்ட் டாங்கின் உடம்புக்குக் கசிந்திருக்கிறது. அந்தக் கசிவு எர்த் வழியாகப் போனால் டிரிப் சுவிட்சுக்குத் தெரியும், 30 மில்லிஅம்பியருக்குள் அது விழுந்துவிடும். எர்த்தை வெட்டிவிட்டால் கசிவுக்குப் போக வழியில்லை, டிரிப்பும் விழாது. அப்புறம் குளிக்கிறவர் உடம்புதான் எர்த்.

மாமா மீட்டர் வைத்துக் காட்டினார். கொயிலின் இரண்டு முனைக்கும் நடுவே 35 ஓம் அளவு வந்தது, 1500 வாட்டுக்கு அது சரியான கணக்கு, அதனால்தான் தண்ணீர் சுட்டது. முனைக்கும் டாங்க் உடம்புக்கும் நடுவே எதுவுமே காட்டக்கூடாது, எங்களுடையதில் காட்டியது. இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், வந்தவர் மீட்டரையே வெளியே எடுக்கவில்லை.

இன்னொன்று, பிரஷர் வால்வின் வாயையும் அடைத்திருந்தார். தண்ணீர் சூடாகும்போது விரியும், அப்போது அந்த வால்வு கொஞ்சம் சொட்டுவது கோளாறே இல்லை. அதை அடைத்த நிலையில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் அளவுக்கு மீறிச் சூடானால் கரண்டை நிறுத்தும் கட்அவுட்டும் வேலை செய்யாமல் போனால் டாங்க் வெடிக்கலாம்.

மாமா கொயிலை மாற்றி எர்த்தைக் கொடுத்து வால்வைத் திறந்துவிட்டார். அந்த ஆள் ஃபோனை எடுப்பதில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற ஃபோன் நம்பருக்குச் சொல்லலாம் என்றால் கையில் பில் இல்லை. நீங்கள் வேலை தொடங்கும் முன்பே பில் கேளுங்கள், கழற்றிய கொயிலைக் கையில் வாங்கிவிட்டுக் காசைக் கொடுங்கள். டிரிப் ஆன ஹீட்டரைக் கொயில் மாற்றியதாகச் சொல்லி யாராவது அண்மையில் திருத்தியிருந்தால், இன்றே மெயினை அணைத்து, தெரிந்த ஒருவரைக் கொண்டு மூடியைத் திறந்து பாருங்கள், அதுவரை அதில் குளிக்க வேண்டாம்.