நாடு அறியாத வைஃபை கார்டு: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

விலை குறைந்திருப்பதால், நான் பயன்படுத்தும் அதே வைஃபை கார்டை வாங்கலாமா என்று தர்மபுரி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வேகத்திலும் இணைப்பின் உறுதியிலும் எனக்குக் குறையே இல்லை. மடிக்கணினியில் பொருத்தி ரவுட்டருடன் இணைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் மாந்தோப்பு வீட்டில், லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சிறு கணினியில் இதைப் பொருத்தி 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் அமைக்க முயலும்போதெல்லாம், கார்டு மறுத்துவிடுகிறது.

காரணம், நாட்டுக்கு நாடு மாறும் அலைவரிசை விதிகள். கார்டு தான் எந்த நாட்டில் இருக்கிறது என்று அறியாதவரை, 00 என்ற பொது விதியில் நிற்கிறது. அந்நிலையில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 11 வரையான சேனல்களில் தடையில்லை. 5 கிகாஹெர்ட்ஸிலோ காது கொடுத்துக் கேட்கலாமே தவிர, தானாக ஒலிபரப்பைத் தொடங்கக் கூடாது. ஹாட்ஸ்பாட் என்பதே தானாகத் தொடங்கும் ஒலிபரப்பு. அருகிலுள்ள ரவுட்டர்கள் தங்கள் அறிவிப்பில் சொல்லும் நாட்டுக் குறியீட்டைக் கேட்டே இந்தக் கார்டு இடத்தை அறிந்துகொள்கிறது. கிருஷ்ணகிரி நகருக்குக் கொண்டுபோனால் சிறிது நேரத்தில் ‘ஐஎன்’ (இந்தியா) என்று காட்டுகிறது. தோப்பில் பக்கத்து வீட்டு ரவுட்டர் என்று எதுவுமே இல்லை. ஆகவே 00 மாறுவதில்லை.

இதற்கு விடை தேடித்தான் லினக்ஸின் அடிப்படை நிரலான கெர்னலில், இந்த விதிகளைக் கையாளும் ‘ரெக்.சி’ (reg.c) கோப்பைப் படிக்கத் தொடங்கினேன். இவ்வளவு தெளிவான நிரலை நான் எதிர்பார்க்கவில்லை. நாட்டைப் பற்றிய குறிப்பைக் கெர்னலின் மையப் பகுதி, பயனர், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், ரவுட்டரின் அறிவிப்பு என நால்வர் தரலாம். யார் சொல்வதை எப்போது ஏற்பது, எப்போது இரண்டு விதிகளுக்கும் பொதுவானதை மட்டும் அனுமதிப்பது என்பதெல்லாம் அங்கே வரிவரியாக இருக்கிறது. நாடுகளின் விதிகளோ யாரும் படிக்கக்கூடிய ஓர் உரைக்கோப்பில் உள்ளன, 4.15 பதிப்பு முதல் கெர்னலே அத்தொகுப்பை நேரடியாக ஏற்றி, அதன் கையொப்பத்தையும் சரிபார்க்கிறது.

இத்தனை நேர்த்தியும் என் கார்டுக்குப் பயன்படவில்லை. ‘செல்ஃப் மேனேஜ்டு’ (விதிகளைக் கார்டே பார்த்துக்கொள்ளும்) என்று டிரைவர் அறிவித்துவிட்டால், முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதும் கார்டுக்குள்ளேயே ஓடும், நாம் படிக்க முடியாத மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் போய்விடுகிறது. நான் இந்தியா என்று அமைத்தால் பொதுப் பகுதியில் ‘ஐஎன்’ என்றும், கார்டுக்குரிய பகுதியில் 00 என்றும் ஒரே திரையில் காட்டுகிறது. 5 கிகாஹெர்ட்ஸின் சில பகுதிகளை ரேடார்கள் பயன்படுத்துகின்றன. நாடு நாடாகக் கொண்டுசெல்லப்படும் கணினி அவற்றில் குறுக்கிடக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் 2018 அக்டோபரில் இந்திய அரசு 5150–5350, 5470–5875 மெகாஹெர்ட்ஸ் வரம்புகளை உரிமம் இல்லாத வைஃபை பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. சட்டம் தந்ததை, தோப்பில் அண்டை ரவுட்டர் இல்லை என்பதற்காக ஒரு கார்டு மறுப்பதையும், அதன் உரிமையாளர் தன் நாட்டைச் சொல்ல வழியே வைக்காததையும் என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே நண்பருக்கு என் பதில்: கார்டு அருமையானது, பாதி விலைக்குக் கிடைத்தாலும் ஹாட்ஸ்பாட்டுக்கு வாங்க வேண்டாம். வேறு எந்தக் கார்டாக இருந்தாலும், ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் லினக்ஸில் ‘ஐடபிள்யூ லிஸ்ட்’ (iw list) கட்டளையை இயக்கச் சொல்லி, 5 கிகாஹெர்ட்ஸின் 36 முதல் 48 வரையான சேனல்களின் பக்கத்தில் ‘நோ ஐஆர்’ (தானாக ஒலிபரப்பைத் தொடங்கக் கூடாது) என்று வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.