2009 லேப்டாப்பில் லினக்ஸ்: ஒலி, வைஃபை, வீடியோ

என்னிடம் இருப்பது 2009 வாக்கில் வந்த 14 அங்குல லேப்டாப். அலுவலகங்கள் மொத்தமாக வாங்கி, சில வருடங்களில் கழித்துக்கட்டும் ரகம். எனக்கும் செகண்ட் ஹேண்டில்தான் கிடைத்தது. கோர் 2 டுவோ பி8600, 2.4 கிகாஹெர்ட்ஸ். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, மதர்போர்டிலேயே இருக்கும் ஜிஎம்ஏ 4500எம்எச்டி. பல வருடம் லினக்ஸ் ஓஎஸ்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான டெஸ்க்டாப்போடு ஓட்டினேன். 2023-இல் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 12-ஆம் பதிப்பு வந்ததும் அதற்கு மாறினேன். இடையில் ரேமை 8 ஜிபி ஆக்கி, சென்னை ரிச்சி தெருவில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். எழுதுவது, மின்னஞ்சல், கணக்கு வழக்கு, பாட்டு எல்லாம் இன்றும் இதில்தான்.

இத்தனை காலம் ஓட்டியதில் எனக்குப் பிடிபட்டது இது: ஒலி, வைஃபை, வேகம் மூன்றுக்கும் லினக்ஸில் ஏதாவது வழி கிடைத்துவிடுகிறது. கணினியின் வயது தெரிவது வீடியோவில்தான். அங்கே நாம்தான் கொஞ்சம் இறங்கி வர வேண்டும்.

அதற்கு முன்னால், லினக்ஸ் மேல் பழி விழுகிற ஆனால் லினக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத சங்கதிகள் சில உண்டு. லேப்டாப்பைத் திறந்ததும் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பிரவுசர் எல்லாத் தளங்களுக்கும் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கும். அப்டேட் கொடுத்தால் மென்பொருள் களஞ்சியத்தின் கோப்பு இன்னும் செல்லுபடியாகும் நாள் வரவில்லை என்று அடம்பிடிக்கும். நெட் கிடைத்து நேரம் சரியாகும்வரை இந்தக் கூத்து நடக்கும். காரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனது. லேப்டாப்களில் அது பெரும்பாலும் இரண்டு ஒயரும் ஒரு சின்ன பிளக்கும் சேர்ந்து வரும், அப்படியே கேட்டு வாங்க வேண்டும். அதேபோல வீடியோ பார்த்த பத்தாவது நிமிடத்தில் எல்லாம் மந்தமாகிறது என்றால் முதலில் சென்சார்ஸ் கட்டளையில் வெப்பத்தைப் பாருங்கள். என்னுடையதில் ஃபேனுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது நின்றது. எந்த ஓஎஸ் போட்டிருந்தாலும் இந்த வேலை தப்பியிருக்காது.

வைஃபை கதை சுருக்கமானது. கூடவே வந்த கார்டுக்கு மூலநிரல் திறக்காத டிரைவர்தான் ஒழுங்காக வேலை செய்தது. லினக்ஸின் மையமான கர்னல் மாறும்போதெல்லாம் அது மறுபடி கம்பைல் ஆக வேண்டும், சில சமயம் ஆகாது. ஏத்9கே டிரைவரில் ஓடும் ஒரு பழைய ஏதெராஸ் மினி பிசிஐஇ கார்டை வாங்கி மாற்றினேன். அந்த வகைக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்புகூடத் தேவையில்லை, கர்னலிலேயே எல்லாம் இருக்கிறது. ஆனால் வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சில நிறுவனங்களின் பயாஸ் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்), தன் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் கணினியைக் கிளம்பவே விடாது. அப்படி இருந்தால் யுஎஸ்பி டாங்கிள்தான் கதி. டாங்கிளிலும் ஒரே மாடல் பெயரில், உள்ளே வேறு சிப்போடு அடுத்த வெர்ஷன் வரும். அட்டைப்பெட்டியை நம்பாமல், செருகிவிட்டு எல்எஸ்யுஎஸ்பி கட்டளை என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

ஒலி கொஞ்சம் பெரிய விஷயம். லினக்ஸில் ஒலி இரண்டு அடுக்காக இருக்கிறது. கீழே கர்னலோடு சேர்ந்த ஆல்சா, அதற்கு மேலே பல்ஸ் ஆடியோ அல்லது அதன் இடத்துக்கு வந்திருக்கும் பைப்வயர். எந்த அடுக்கில் கோளாறு என்று தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை எல்லாம் போட்டுப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். சத்தமே வரவில்லையா? டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறந்து எஃப்6 அழுத்தி உண்மையான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஸ்பீக்கர் பட்டைகளின் அடியில் இரண்டு எம் எழுத்து தெரிந்தால் அது மியூட்டில் இருக்கிறது; எம் பட்டனை அழுத்தினால் போதும். அங்கேயே கடைசியில் ஆட்டோ மியூட் என்று ஒன்று இருக்கும். ஹெட்போன் ஜாக் தேய்ந்துபோன லேப்டாப்களில், எதுவும் செருகாமலே செருகியதாக நினைத்து ஸ்பீக்கரை அணைத்துவிடும். அதை நிறுத்தினால் ஸ்பீக்கர் பேசும்.

ஆல்சாவில் சரியாக இருந்தும் சத்தம் வரவில்லை என்றால், மேல் அடுக்கைக் காட்டும் பாவுகண்ட்ரோல் என்ற நிரலைத் திறங்கள். ஒரு நண்பரின் டெஸ்க்டாப்பில், ஒலி முழுவதும் எச்டிஎம்ஐ வழியாக ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. கான்ஃபிகரேஷன் பக்கத்தில் எச்டிஎம்ஐ-ஐ ஆஃப் செய்ததும் வேலை முடிந்தது.

என் லேப்டாப்பில் இருந்தது வேறு தொல்லை. பாட்டு நின்று சில நொடி கழித்து ஸ்பீக்கரில் டப் என்று ஒரு சத்தம், மறுபடி ஆரம்பிக்கும்போது இன்னொரு டப். ஸ்பீக்கர் போச்சு என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது மின்சாரச் சேமிப்பு. ஒலி இல்லாதபோது டிரைவர் சவுண்ட் சிப்பை உறங்க வைக்கிறது, எழுப்பும்போது சத்தம் வருகிறது. பேட்டரிக்காகப் போடும் டிஎல்பி போன்ற மென்பொருள்களும் இதைத் தூண்டிவிடும். இன்டெல் எச்டிஏ டிரைவரின் பவர் சேவ் மதிப்பை 0 ஆக்கினால் தீர்ந்தது. இன்னொன்று, பாட்டு ஓடும்போதே வரும் கரகர சத்தம். அது பல்ஸ் ஆடியோவின் நேரக் கணக்கு சில பழைய சிப்களோடு ஒத்துப்போகாததால் வருவது. அதன் அமைப்புக் கோப்பில் டிஷெட் (tsched) மதிப்பை 0 ஆக வைக்க வேண்டும். பைப்வயருக்கு மாறிய பிறகு இது தானாகவே போய்விட்டது, அதனால் இன்று ஆரம்பிப்பவர்கள் நேராக அதற்கே போகலாம்.

இப்போது வீடியோ. ஜிஎம்ஏ 4500, சுருக்கி வைத்த வீடியோவை வன்பொருளிலேயே பிரித்துத் தருவது, என் டெபியனில் கிடைக்கும் டிரைவரோடு, எம்பெக்-2 மட்டும். அதாவது டிவிடி காலத்து வடிவம். விபி9 என்ற வீடியோ வடிவம் வந்தது 2013-இல், ஏவி1 2018-இல். யூடியூப் இன்று பிரவுசருக்கு அனுப்புவது பெரும்பாலும் இவைதான். 2008-இன் சிப்புக்கு இவை என்னவென்றே தெரியாது, ஆகவே மொத்தச் சுமையும் பிராசசர் தலையில். போதாததற்கு இந்த கிராஃபிக்ஸ், ஓபன்ஜிஎல் என்ற வரைகலை முறையின் 2.1 பதிப்பைத் தாண்டாது, அதனால் பிரவுசர் பக்கத்தை வரைவதையும் பிராசசரிடமே தள்ளிவிடுகிறது. 720பி வீடியோ விக்கி விக்கி ஓடுவது இதனால்தான். லினக்ஸை மாற்றினாலும், இன்னும் இலேசான டெஸ்க்டாப் போட்டாலும் இது மாறாது. பப்பி, ஆன்டிஎக்ஸ் போன்ற இலேசான லினக்ஸ் வகைகள் எல்லாம் ரேமை மிச்சப்படுத்தும், வீடியோவைப் பிரிக்கும் கணக்கைக் குறைக்காது.

எனக்குக் கைகொடுத்தவை இரண்டு. எச்264ஃபை என்ற பிரவுசர் நீட்சி, யூடியூபிடம் எச்.264 வடிவத்தை மட்டும் கேட்கும். அதைப் பிரிப்பது விபி9-ஐ விட இந்தப் பிராசசருக்கு எளிது. பிரவுசரிலேயே 480பி நிம்மதியாக ஓடுகிறது. அதைவிட நல்லது, பிரவுசரை விட்டு வெளியே வந்து எம்பிவி பிளேயரில் பார்ப்பது. யூடியூப் வீடியோவை எடுத்துத் தரும் ஒய்டி-டிஎல்பி நிரலின் துணையோடு முகவரியைக் கொடுத்து, எச்.264, 720பி-க்கு மேல் வேண்டாம் என்று அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டால் சொன்னபடி ஓடுகிறது. டெபியன் களஞ்சியத்தில் இருக்கும் ஒய்டி-டிஎல்பி சீக்கிரம் பழசாகி வேலை செய்யாமல் போகும், புதியதை நேரடியாக எடுத்துக்கொள்ளுங்கள். எம்பிவியில், படத்தின் கட்ட ஓரங்களை மழுப்பும் லூப் ஃபில்டரைத் தவிர்க்கச் சொன்னால் இன்னும் கொஞ்சம் சுமை குறையும், படம் லேசாகக் கட்டம் கட்டும். இன்னும் கனமான எச்இவிசி வடிவத்தில் இருக்கும் 10 பிட் 1080பி கோப்புகளை மட்டும் தொடவே வேண்டாம். வீடியோ அழைப்பு? வெப்கேம் எந்த டிரைவரும் கேட்காமல் வேலை செய்கிறது. ஆனால் நான்கு பேர் சேர்ந்ததும் ஃபேன் அலறுகிறது. நான் போனில் பேசிக்கொள்கிறேன்.

இந்தக் கணினி உண்மையிலேயே ஜெயித்த இடம் பழைய டிஸ்க்குகள். புது லேப்டாப்களில் டிவிடி டிரைவே இல்லை, வீட்டிலோ 2000-களின் கல்யாண விசிடிகள் அலமாரி நிறைய. விசிடியைப் போட்டால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரும் உள்ளே ஒரு டேட் கோப்பும் தெரியும். காப்பி செய்தால் உள்ளீட்டுப் பிழை என்று வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. பெரும்பாலும் டிஸ்க்கில் ஒன்றுமில்லை. சாதாரண டேட்டா சிடியின் ஒரு செக்டரில் 2048 பைட் இருக்கும். விசிடியின் வீடியோ செக்டரிலோ பிழை திருத்தத்துக்கான இடத்தையும் படத்துக்கே கொடுத்து 2324 பைட் அடைத்திருப்பார்கள். லினக்ஸ் அதைச் சாதாரணக் கோப்பாகப் படிக்க முயன்று தோற்கிறது. விஎல்சியில் டிஸ்க்கைத் திற என்று கொடுத்து விசிடியைத் தேர்ந்தெடுத்தால் நேராக ஓடும். கோப்பாகச் சேமிக்க, விசிடிஇமேஜர் தொகுப்பில் வரும் விசிடிஎக்ஸ்ரிப் கட்டளை. கிடைப்பது 352-க்கு 288 அளவு எம்பெக்-1, எதிலும் ஓடும். டிவிடியில் ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் விஎல்சியிலும் எம்பிவியிலும் டி பட்டன் அதை ஒழுங்குபடுத்தும்.

திரை கிழிந்த மாதிரி தெரிவதற்கு எக்ஸ்எஃப்சிஇ-யின் கம்பாசிட்டரை (ஜன்னல்களைச் சேர்த்துத் திரையில் வரையும் பகுதி) இயக்கினாலே பெரும்பாலும் போதும். வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன் வேலை செய்யாவிட்டால், கணினி கிளம்பும்போது கர்னலுக்குப் போகும் பூட் வரியில் ஏசிபிஐ பேக்லைட்டை வெண்டர் (acpi_backlight=vendor) என்று மாற்றிப் பாருங்கள். திரை முழுவதும் சிவந்து மங்கினால் அது பின்விளக்குக் குழாயின் ஆயுள், கட்டளையால் ஆகாது.

இன்று இதே ரகத்தைப் புதிதாக வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். இந்தப் பிராசசரில் எஸ்எஸ்இ 4.2 கிடையாது. அந்தக் கட்டளைத் தொகுதியைக் கட்டாயமாக்கிய ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9, 2022-இலேயே இத்தகைய கணினிகளைக் கைவிட்டது. செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்கள் குறைந்தது 2012-இன் மூன்றாம் தலைமுறை இன்டெல் பிராசசராகப் பாருங்கள், எச்.264-ஐ வன்பொருளே பிரித்துக்கொள்ளும், எஸ்எஸ்இ 4.2-வும் இருக்கும். ஏற்கெனவே கையில் கோர் 2 டுவோ வைத்திருப்பவர்களுக்கு டெபியனின் 64 பிட் பதிப்பு இன்னும் கதவை அடைக்கவில்லை. டெபியன் 12-க்கு நீண்டகாலப் பாதுகாப்பு அப்டேட் 2028 ஜூன் வரை உண்டு. அதுவரை நான் இதிலேயே இருக்கப் போகிறேன். அலமாரியில் இன்னும் பாதி விசிடி பாக்கி.