பழைய லேண்ட்ரோவரின் ஸ்டியரிங் இணைப்புகள்: தோட்டப் பாதையில் பல வருட அனுபவம்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் லேண்ட்ரோவர் சீரிஸ் 3 ஓட்டுபவர்களுக்கு எஞ்சினை விட அதிகம் அடிவாங்குவது ஸ்டியரிங் இணைப்புகள்தான். ஆளும் உர மூட்டையும் ஏற்றி வருடக்கணக்கில் ஓட்டியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஸ்டியரிங் பெட்டியிலிருந்து ஒரு கம்பி முன்னால் உள்ள ரிலேக்குப் போகிறது; ரிலே என்பது அந்த அசைவை வாங்கிச் சக்கரப் பக்கம் கடத்தும் சுழல் அச்சு. ரிலேயிலிருந்து இன்னொன்று சக்கரத்துக்கு. இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துப் பிடிப்பது ட்ராக் ரொட். இந்தக் கம்பிகளின் முனைகளில் எந்தப் பக்கமும் அசையும் குண்டு மூட்டுகள் இருக்கின்றன, மொத்தம் 6 போல் ஜொயின்ட். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆட்டம் சேர்ந்தாலே போதும், றம்பொடை மாதிரி வளைவுகளில் நாம் திருப்பிய பிறகும் வண்டி யோசித்துத்தான் திரும்பும்.

ட்ராக் ரொட் தாழ்வாக இருப்பதால் கல்லில் பட்டு வளைந்துவிடும். எங்கள் கராஜ் பாஸ் (மெக்கானிக்), "தம்பி, உள்ளுக்கு ஒரு இரும்புக் கம்பிய விட்டு வெல்டிங் அடிச்சிட்டா ஆயுசுக்கும் வளையாது" என்றார். நல்ல வேலைக்காரர்தான், ஆனாலும் நான் சம்மதிக்கவில்லை. ரொட் வளையாவிட்டால் அந்த அடி எங்கே போகும்? போல் ஜொயின்ட்டுக்கும், அது பூட்டப்பட்டிருக்கும் ஸ்டியரிங் கை என்ற இரும்புத் தண்டுக்கும்தான். அதோடு வெல்டிங் பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு பலமிழந்து, சொல்லாமல் கொள்ளாமல் வெடித்து உடைந்துவிடலாம். வளைந்த ரொட்டோடு மெதுவாக வீடு வந்து சேரலாம். உடைந்த ரொட்டோடு பள்ளத்துக்குத்தான் போகவேண்டும். அதனால் பழைய கனத்திலேயே புதுக் குழாய் ஒன்றை, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கிப் போட்டேன். இன்றைக்கும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

உண்மையான பலம் போல் ஜொயின்ட்டில் இருக்கிறது. மழைக் காலத்தில் அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் சேறு உள்ளே போய், கிறீஸ் காவி நிறமாகிவிடும். அப்புறம் எவ்வளவு கிறீஸ் அடித்தாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். சோதிப்பது சுலபம். சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்கட்டும். நீங்கள் கீழே படுத்து, ஜொயின்ட்டும் ஸ்டியரிங் கையும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்கு 'டக்'கென்று தெரியும்.

ஜொயின்ட்டைக் கழற்றும்போது நட்டைத் தளர்த்திவிட்டு, ஸ்டியரிங் கையின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தால், அதன் துளையில் இறுகியிருக்கும் ஜொயின்ட்டின் கூம்பு விட்டுக்கொடுக்கும். மரையின் முனையில் அடிக்காதீர்கள், மரை செத்துவிடும். நட்டு கழலாமல் பிடிக்கும் பழைய ஸ்ப்ளிட் பின்னைத் திரும்பப் போடவே வேண்டாம்.

ட்ராக் ரொட்டின் ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை. ரொட்டைச் சுற்றினாலே நீளம் கூடும், குறையும். சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டும். அளவு சரியானதும் ரொட் முனைகளைப் பிடிக்கும் கிளாம்ப்பை நன்றாக இறுக்குங்கள். கல் பாதையில் கிளாம்ப் தளர்ந்தால் மரையே தேய்ந்து ரொட் கழன்றுவிடும். நான் மாதா மாதம் ஸ்பானர் வைத்துப் பார்க்கிறேன்.

ரிலேயைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதில் ஒயில் வற்றினால் ஸ்டியரிங் கல்லாக இறுகும். 90 நம்பர் கியர் ஒயில் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அதைப் பிரிக்க வேண்டிவந்தால் கவனம். உள்ளே பலமான ஸ்பிரிங் அமுங்கி இருக்கிறது, புஷ் துண்டுகள் பாய்ந்து முகத்தில் அடிக்கும். தடித்த துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, பழகின பாஸ் ஒருவரை வைத்துத்தான் கழற்றவேண்டும்.